பூட்டி வைத்த பட்டுப் பாவாடை

பத்தாவது வரை ஒன்றாகப் படித்த நாம் சிலர் செல்போனில் ஒரு குழு வைத்திருக்கிறோம் அல்லவா, போன வாரம் அதில் ஒருத்தி தன் பேரனைப் பற்றி எழுதியிருந்தாள். தண்ணீர் பாட்டிலைத் தொலைத்துவிட்டு வந்தானாம். புதிது வாங்கிக் கொடுத்தால் அதையும் தொலைத்தானாம். உடனே ஆளாளுக்கு எழுதினீர்கள். நம்மை வளர்த்த மாதிரி வளர்த்தால் இப்படித் தொலைப்பார்களா, நம் அப்பாக்கள் ஒரு பார்வை பார்த்தால் போதாதா என்று பெருமையாகப் போய்க்கொண்டிருந்தது. நீ ஏன் பேசவில்லை என்று என்னையும் கேட்டீர்கள். கை கூப்புகிற படம் ஒன்றை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொண்டேன்.

எனக்கு நாலு பேர் நடுவில் பேச வராது. அது உங்களுக்கே தெரியும். ஆனால் அன்று பேசாததற்குக் காரணம் அது மட்டும் இல்லை. பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்ள எங்கள் வீட்டில் எப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நினைத்தால் எனக்குப் பெருமை வருவதில்லை. இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. அதனால்தான் தனியாக எழுதுகிறேன்.

என் அப்பா காரைக்குடியில் பஸ் டிப்போவில் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டார். உங்களில் சிலர் அவரைக் காக்கிச் சட்டையோடு சைக்கிளில் பார்த்திருப்பீர்கள். மெக்கானிக்குகளுக்கு ஸ்பேனர், ஜாக்கி எல்லாம் எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. ஒவ்வொரு மெக்கானிக்குக்கும் எண் போட்ட பித்தளை வில்லைகள் உண்டு. ஸ்பேனர் வேண்டுமென்றால் வில்லையை அப்பாவிடம் கொடுக்க வேண்டும். அவர் அதை ஆணியில் மாட்டிவிட்டு ஸ்பேனரைக் கொடுப்பார். ஸ்பேனர் திரும்பி வந்தால்தான் வில்லை திரும்பிப் போகும். எவ்வளவு பெரிய ஆள் வந்து கேட்டாலும் அப்படித்தான். தன் ஸ்டோரில் ஒரு திருகாணி கூடக் காணாமல் போனதில்லை என்று அப்பா சொல்வார். அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்ட விஷயம் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

அந்த வழக்கத்தை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்தார். மர பீரோவின் அடித்தட்டுக்கு வீட்டில் ஸ்டோர் என்றே பெயர். கண்ட இடத்தில் கிடக்கிற எங்கள் பொருள் எதுவாக இருந்தாலும் அப்பா எடுத்து அதற்குள் போட்டுப் பூட்டிவிடுவார். சாவி அவருடைய டிப்போச் சாவிக்கொத்தோடு இடுப்பு பெல்ட்டில் தொங்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் டெலிவரி. நானும் தம்பியும் குளித்துவிட்டு பீரோ முன்னால் நிற்க வேண்டும்.

"என்ன பொருளு?"

"ஜாமெட்ரி பாக்ஸுப்பா."

"எங்கிட்டு கெடந்துச்சு?"

"கெணத்தடியில."

"கெணத்துக்கு அது எதுக்கு? கெணறு வட்டமா இருக்கான்னு அளந்து பாத்தியோ?"

தம்பி சிரிப்பான். அவன் முறை வந்ததும் அவனுடைய பம்பரத்தை வைத்து எனக்குச் சிரிப்பு வரும். பீரோவைத் திறந்தால் பாச்சா உருண்டை வாசமும், அப்பாவின் காக்கியில் ஊறிய கிரீஸ் வாசமும் சேர்ந்து அடிக்கும். உள்ளே என் ரிப்பன், சீப்பு, ஒற்றைச் செருப்பு, மூடி போன பேனா எல்லாம் வரிசையாக இருக்கும். அப்பா அடிக்க மாட்டார், கத்த மாட்டார். கவராயம் இல்லாமல் கணக்குப் பரீட்சைக்குப் போய், பக்கத்துப் பெண்ணிடம் கடன் கேட்டு டீச்சரிடம் திட்டு வாங்கினாலும், ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அந்தத் தட்டு திறக்காது.

அந்தத் தட்டு எப்போதும் என் பொருள்களால்தான் நிறைந்திருக்கும். நான் அப்படிப்பட்ட பிள்ளை. எதை எடுத்தேன், எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியாது. அதனால் அம்மா எனக்காகப் பொய் சொல்லத் தொடங்கினாள். குடை கோயிலில் கிடந்தால், நான்தான் மறந்து வந்தேன் என்பாள். டிபன் பாக்ஸ் வாசலில் கிடந்தால், நான்தான் காய வைத்தேன் என்பாள். ஒரு தடவை என் செருப்பு தெருவில் கிடந்ததற்கும் அவளே பழியை ஏற்றுக்கொண்டாள். அவள் காலையும் என் செருப்பையும் அப்பா மாறி மாறிப் பார்த்தார். "இத நீ எப்பிடிம்மா மாட்டுன? பாதிக் காலாலயே நடந்தியா?" என்று கேட்டார். அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நான் ஆறாவது படித்த வருஷம் என் தாய்மாமனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாமன் கீழச்சிவல்பட்டியில் விவசாயம் பார்த்தார். அம்மாவுக்கு ஒரே தம்பி. அதற்கு முன்னால் என் அத்தையை, அதாவது அப்பாவின் தங்கையை, அவருக்குக் கொடுக்கலாம் என்று ஒரு பேச்சு இருந்தது. ஜாதகம் சேரவில்லை என்று மாமன் வீட்டில் சொல்லிவிட்டார்கள். அப்பா அதற்கு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சேரவில்லை என்றால் சேரவில்லை, அவ்வளவுதான் என்று விட்டுவிட்டார். அவர் அப்படித்தான். ஆனால் ஊர் அப்படி விடாது என்பதை அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

கல்யாணத்துக்கு எனக்குப் பட்டுப் பாவாடை எடுக்க மாமன் நேராக வயலிலிருந்து வந்தார். அளவு நாடா எதுவும் இல்லை. மடியிலிருந்து ஒரு சணல் கயிற்றை எடுத்து என் இடுப்பைச் சுற்றி அளந்து ஒரு முடிச்சு, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை அளந்து இன்னொரு முடிச்சு. கயிற்றைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "டெய்லருகிட்ட இதக் குடுத்துருவேன். ஒரு நூலு கூடக் கொறைய இருக்காது. நீ கட்டிக்கிட்டு முன்னால நட ஆத்தா, மாமன் பின்னால வாரேன். நீ நடக்கலேன்னா மாமனுக்குக் கல்யாணம் இல்ல" என்றார். சொன்னபடியே ஒரு வாரத்தில் பாவாடை வந்தது. மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. கையால் தடவினால் சரசரவென்று பேசும்.

வெள்ளிக்கிழமை முகூர்த்தம். புதன்கிழமை சாயங்காலம் நான் தெருவில் விளையாடிவிட்டு உள்ளே வந்தேன். அப்பா டிப்போவிலிருந்து வந்து கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் என் பட்டுப் பாவாடை இருந்தது. அது நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் கிடந்திருக்கிறது. எங்கள் பூனை அதன்மேல் சுருண்டு படுத்திருந்ததாம்.

அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"நான்தாங்க எடுத்தேன். நாடா கோக்கலாம்னு எடுத்தேன். ஊக்கு தேடி உள்ள போனேன், பால் பொங்கிருச்சு."

அப்பா சிரித்தார். "கொடய மறந்தது நீ. டிப்பன் பாக்ஸும் நீ. செருப்பும் நீ. இப்ப பட்டுப் பாவாடையும் நீயா?"

"இல்லைங்க, இது நெசமாவே நான்தான்."

"அப்ப அதெல்லாம் நெசமில்ல. அதையாவது ஒத்துக்கிட்டியே."

பாவாடை சுருட்டி உள்ளே போனது. பூட்டு விழுந்தது. இத்தனைக்கும் நான் பக்கத்தில்தான் நின்றேன். எடுத்தது நான் இல்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பெட்டியைத் திறந்து அதைத் தடவிப் பார்த்தது ஞாபகம் இருந்தது. திரும்ப மூடினேனா என்பது ஞாபகம் இல்லை. எதையும் போட்டது போட்டபடி போகிறவள் என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி, நானும் என்னைப் பற்றி அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா வழக்கம்போல என்னைக் காப்பாற்றுகிறாள் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

வியாழக்கிழமை கிளம்பும்போது அம்மா அழுதே விட்டாள்.

"தாய்மாமன் எடுத்த துணிங்க. அதக் கட்டாமப் போனா ஊரு வேற மாதிரி பேசும்."

"ஊருக்கு என்ன? பொறுப்பு இல்லாமப் போட்டா, பூட்டிட்டோம்னு சொல்லு."

"ஞாயித்துக்கெழமை எடுத்து என்னங்க செய்ய? கல்யாணம் நாளைக்கு."

"அதுக்குத்தான் சொல்றேன். சும்மா நாள்ல பூட்டுனா மறந்துருவா. இது மறக்காது. நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போயி, பொறுப்பத்தவன்னு பேரு வாங்கவா நான் இவள வளக்குறேன்?"

அவர் என்மேல் கோபத்தில் அதைச் சொல்லவில்லை. அக்கறையோடுதான் சொன்னார். அதுதான் எனக்கு இன்றும் பதில் தெரியாத இடம்.

முந்தின தீபாவளிக்கு எடுத்த பச்சை கவுனைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போனேன். வளர்ந்துவிட்டேன் என்று அம்மா அதன் கீழ் மடிப்பைப் பிரித்து இறக்கியிருந்தாள். பழைய மடிப்பு இருந்த இடத்தில் வெளுக்காத பச்சை ஒரு பட்டையாகச் சுற்றி ஓடியது. பந்தலில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் பட்டில் இருந்தார்கள். நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றேன். இருந்தும் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"ஏத்தா, மாமன் பட்டு எடுத்தானாம்ல, எங்க? பொட்டியில தூங்குதா?" என்று ஒரு பெரியம்மா கேட்டாள்.

பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்தவள் பதில் சொன்னாள். "அவுக அப்பாரு கட்ட விட்டுருக்க மாட்டாக. தங்கச்சியக் கட்டலேன்னு உள்ளுக்குள்ள இருக்கும்ல."

"இம்புட்டு நாளும் வாயே தெறக்காம இருந்தாகளே!"

"வாயத் தெறக்காதவுகதான் இப்பிடிக் காட்டுவாக."

நாரைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே பேசினார்கள். அம்மா காதில் விழாதவள் மாதிரி விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளைக்கு அக்கா என்பதால் விளக்குப் பிடிக்க வேண்டியவள் அவள்தான். திரி போடும்போது எண்ணெய் அவள் சேலையில் சிந்தியது.

மாலை போடும் முன்னால் மாமனே வந்துவிட்டார். முகம் முழுக்கச் சிரிப்பு. என் கவுனைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது.

"எங்க ஆத்தா பாவாடை?"

நான் அம்மாவைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் கல்யாண வீடே அப்பாவைப் பார்த்துச் சிரிக்கும் என்று அம்மா நினைத்திருப்பாள். அவசரத்தில் அவளுக்குப் பழகிப்போனதையே செய்தாள்.

"அளவு பத்தலடா தம்பி."

"கயிறு போட்டு அளந்தேனேக்கா" என்றார் மாமன். அம்மா தன்னிடம் பொய் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. மாமன் அழுகிற மாதிரி இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

தாலி கட்டி முடிந்ததும் பொண்ணும் மாப்பிள்ளையும் பெரியவர்கள் காலில் விழுந்து திருநீறு வாங்கினார்கள். அப்பா தட்டிலிருந்து திருநீறை இரண்டு விரலில் எடுத்துத் தயாராக நின்றார். மாமன் அம்மா காலில் விழுந்தார், எழுந்தார், அப்பாவைத் தாண்டி அடுத்தவரிடம் போனார். அப்பா விரலில் திருநீறோடு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதைத் தன் நெற்றியிலேயே பூசிக்கொண்டார். யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தார். நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் முடிந்தால் பொண்ணு மாப்பிள்ளைக்கு முதல் விருந்து அக்கா வீட்டில்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்று முன்பே பேசியிருந்தது. சனிக்கிழமை ஓர் ஆள் வந்து, அவர்கள் பொண்ணு வீட்டுப் பக்கம் போகிறார்கள், இங்கே வரச் சௌகரியப்படாது என்று சொல்லிவிட்டுப் போனார். விருந்துக்கான சீயப் பலகாரத்துக்கு மாவாட்டிக்கொண்டிருந்த அம்மா ஆட்டுக்கல்லை நிறுத்தவில்லை. "அந்த வீட்டு வாசல் இனி எனக்கு இல்ல" என்று மாவைத் தள்ளிக்கொண்டே சொன்னாள். அப்பாவிடம் சொல்லவில்லை. ஆனால் அப்பா பக்கத்தில்தான் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் குளித்துவிட்டு பீரோ முன்னால் நின்றோம். அப்பா திறந்தார். என்ன பொருள் என்று கேட்கவில்லை. பாவாடையை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் அங்கேயே கவுனுக்குமேல் அதைச் சுற்றினேன். இடுப்பில் நிற்காமல் சரிந்தது. நாடா பாதி வரைதான் கோத்திருந்தது. மீதி வால் மாதிரி வெளியே தொங்கியது. அம்மா வந்து, தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, நாடாவின் நுனியில் குத்தி, விட்ட இடத்திலிருந்து தள்ளிக் கோத்து முடித்தாள். அப்பா அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டிக்கிட்டு வாத்தா. மாமன் ஊருக்குப் போவோம்" என்றார்.

நானும் அப்பாவும் மட்டும் போனோம். மாமன் வீட்டில்தான் இருந்தார். பொண்ணு வீட்டுப் பக்கம் போகவில்லை. எப்போதும் "வாங்க மச்சான்" என்பவர் அன்று "வாங்க" என்று மட்டும் சொன்னார். புது அத்தை தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றார். அப்பா உட்காராமலே சொல்ல ஆரம்பித்தார். துணி தரையில் கிடந்தது, பூட்டினேன், ஞாயிற்றுக்கிழமைதான் திறப்பது வழக்கம், மனதில் வேறு எதுவும் இல்லை. டிப்போவில் கணக்கு ஒப்படைக்கிற மாதிரி ஒன்றுவிடாமல் சொன்னார். மாமன் கடைசிவரை கேட்டார்.

"மச்சான், தங்கச்சி விசயத்துல வருத்தம்னா நேராச் சொல்லுங்க. நாலு வார்த்த வையிங்க, வாங்கிக்கிறேன். ஒரு புள்ள துணியத் தரையில போட்டுச்சுன்னு, தாய்மாமன் கல்யாணத்துக்குப் பழைய கவுனோட கூட்டியாருவாகளா யாராச்சும்?"

"நெசந்தான் மாப்ள."

"அக்கா அளவு பத்தலங்குது. நீங்க பூட்டி வச்சேங்குறீக. புருசனும் பொண்டாட்டியும் பேசி வச்சுக்கிட்டு ஒரே பொய்யாச் சொல்லியிருக்கலாம்ல."

அப்பாவுக்கு முகம் வேர்த்துவிட்டது. "பொய் இல்ல. புள்ளையக் கேளு."

மாமன் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு ஆத்தா. நீ சொன்னா மாமன் நம்புறேன்."

நான் பாவாடைக் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆமாம் மாமா, நீங்கள் எடுத்துக் கொடுத்த பட்டைத் தரையில் போட்டேன், அதில் பூனை படுத்தது என்று அந்தப் புது அத்தை முன்னால் எப்படிச் சொல்வது? ஒரு வார்த்தை போதும். அப்பா என்னைப் பார்த்த பார்வை, ஞாயிற்றுக்கிழமைகளில் பீரோ முன்னால் நான் அவரைப் பார்க்கிற பார்வையாக இருந்தது. நான் மறுபடியும் குனிந்துகொண்டேன்.

"விடுங்க, புள்ளையப் போட்டு இழுக்காதீக. சாப்டுட்டுப் போங்க" என்றார் மாமன். அப்பா சாப்பிடவில்லை. தண்ணீரை மட்டும் குடித்தார்.

பிற்பாடு அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் போக்குவரத்து வந்தது. நல்லது கெட்டதுக்கு வந்தார்கள். மாமன் எனக்குச் செய்ய வேண்டிய முறை எதையும் குறைக்கவில்லை. ஆனால் எனக்கென்று எடுத்த துணியை என் கையில் தரமாட்டார். தட்டில் வைத்துச் சபையில் கொடுத்துவிடுவார். அப்பா இருக்கும்வரை அவர் அந்தக் கதையை நம்பவில்லை.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். என் பாவாடையை யாரும் மிதிக்காமல் அப்பா இரண்டு காலையும் அகட்டி எனக்குக் குறுக்கே நின்று வந்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "என்ன சொன்னான்?" என்று கேட்டாள்.

"நம்பல. நெசத்தச் சொன்னேன். நம்பல."

நானும் சொன்னேனே என்று அம்மா கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "கால் கழுவிட்டு வாங்க, சோறு போடுறேன்" என்றாள்.

அப்பா இலை முன்னால் உட்கார்ந்தார். அம்மா குழம்பை ஊற்றும்போது நிமிராமல் கேட்டார்.

"அன்னைக்கு அத நாக்காலியில போட்டது நீதானா?"

"நாடா கோக்க எடுத்தேன்னு சொன்னேன்ல" என்றாள் அம்மா.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "அப்ப நான் இல்லையா?" என்று கத்தினேன். "அப்பா, நான் இல்ல! டேய் தம்பி, நான் இல்லடா! நான் போடல!" புதன்கிழமையிலிருந்து நெஞ்சில் இருந்த கல் இறங்கியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. முற்றத்தில் இறங்கிச் சுற்றினேன். பட்டுப் பாவாடை குடை மாதிரி விரிந்தது.

அப்பா சோற்றில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"ஆமாத்தா, நீ இல்ல" என்றார்.

அதைக் கேட்டு எனக்கு இன்னும் சந்தோஷம் வந்துவிட்டது. நான் இல்லை, நான் இல்லை என்று பாட்டாகவே பாடிக்கொண்டு, அவர் கண் முன்னால், அம்மா வந்து கையைப் பிடித்து நிறுத்தும்வரை குதித்துக்கொண்டிருந்தேன்.